பேனை மூடியால் வைத்த பொட்டு

செல்வநாயகிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிழையைக் கண்டால் அவளுடைய கை சும்மா இராது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பதினொரு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள். பெரிய பெரிய உத்தியோகத்தர்கள் கிறுக்கித் தரும் கடிதத்தில் திகதி பிழைத்திருந்தால், ஊர்ப் பெயர் மாறியிருந்தால், வாயே திறக்கமாட்டாள். சரியாக அடித்துக் கையெழுத்துக்கு வைத்துவிடுவாள். "செல்வநாயகி அடிச்சதெண்டால் வாசிச்சுப் பாக்கத் தேவையில்லை" என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு அவள் எத்தனை வருடம் தலை நிமிர்த்தி நடந்தாள் தெரியுமா!

ஆக்லாந்தில் அந்தத் தலை கொஞ்சம் தாழ்ந்துபோயிற்று. எண்பத்துநாலில் புருஷன் சோதிலிங்கத்துக்கு வரைபடக்காரர் வேலை கிடைத்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவளுக்குக் கிடைத்ததோ ஹென்டர்சனில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, ஓடிவரும் பிஸ்கட்டைப் பிடித்து அடுக்கவேண்டும். அங்கே யாரும் அவளுடைய எழுத்தைக் கேட்கவில்லை. அவளுடைய முழுப்பெயரைக்கூட ஒருத்தரும் சொன்னதில்லை. ஊருக்குக் கடிதம் எழுதும்போது "ஒரு கம்பனியில் வேலை" என்று மட்டும் எழுதுவாள்.

எண்பத்தாறில் ஒருநாள் த்ரீ கிங்ஸில் டெய்ரி என்று சொல்லும் ஒரு மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனவள், கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். எழுத்தாளர் ஒருவருக்கு டைப்பிஸ்ட் தேவை, மோசமான கையெழுத்தை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று இருந்தது. மோசமான கையெழுத்தா? கச்சேரிக்காரியிடமா கேட்கிறார்கள்! பாலை மறந்துவிட்டு அதிலிருந்த டெலிபோன் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு வந்தாள்.

இப்படித்தான் அவள் நோரா கில்ஃபாய்லிடம் போய்ச் சேர்ந்தாள். அயர்லாந்துக்காரி, அறுபத்தெட்டு வயது. விரல்களெல்லாம் வாதத்தில் கோணிப்போயிருந்தன. மவுண்ட் ஈடனில் ஒரு பழைய மரவீடு. எந்தக் கதிரையில் இருப்பதென்றாலும் முதலில் புத்தகத்தைத் தூக்கவேண்டும். செல்வநாயகி வெள்ளிக்கிழமைகளில் தொழிற்சாலையை அரைநாளோடு முடித்துக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். முதல்நாள் அடித்தது அந்த அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு. பழைய நாவலொன்றின் மறுபதிப்புக்கு, பின்னட்டையில் போட வேண்டுமாம்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்னப் பட்டினத்துத் தபால் அதிபரின் மகள். பத்தொன்பது வயதில் டப்ளின் பத்திரிகையில் முதல் கதை. இருபத்தாறில் முதல் நாவல், அதற்கே பரிசு. பிறகு லண்டன். ஆறு நாவல், மூன்று கதைத்தொகுதி, எட்டு மொழியில் பெயர்ப்பு. கப்பல் இஞ்சினியரான இரண்டாவது கணவரோடு நியூசிலாந்து வந்து சேர்ந்தவர். இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அவர் பதினொரு வருடமாக ஒன்றும் எழுதவில்லை என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை.

செல்வநாயகி அந்தக் குறிப்பை மனப்பாடம் செய்துவிட்டாள். தான் எழுதிய மாதிரி ஒரு பெருமை. பிஸ்கட் அடுக்கும்போதும் "ஆறு நாவல், மூன்று தொகுதி" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். "ஏதோ நீதான் பரிசு வாங்கினமாதிரியல்லோ கதைக்கிறாய்" என்று சோதிலிங்கம் பகிடி பண்ணுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை தேநீர் குடிக்கும்போது அவள் கேட்டாள்: "முதல் நாவல் எதைப் பற்றியது, மிஸிஸ் கில்ஃபாய்ல்?"

"என் அப்பாவைப் பற்றி," என்றார் நோரா. "ஊரார் கடிதங்களை ஆவியில் காட்டிப் பிரித்து வாசிப்பார். கெட்ட மனிதர் இல்லை, தனிமை. வாசித்துவிட்டுப் பசைபோட்டு ஒட்டி, பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். பெயரை மாற்றி, ஊரை மாற்றி எழுதினேன். இரண்டே மாதத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் அவரிடம் கடிதம் கொடுத்த சனம் பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் போய்த் தபால் போட ஆரம்பித்தது. வெறும் கவுண்டரில் அவர் இன்னும் நாலு வருடம் இருந்தார்."

செல்வநாயகி எழும்பினாள். கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

இனி ரதிதேவியைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பத்தைந்தில் தன் மகள் உஷாவோடு கொழும்பிலிருந்து வந்தவள். வந்த புதிதில் எட்டு மாதம் செல்வநாயகி வீட்டில்தான் ஒரு அறையில் இருந்தார்கள். உஷாவுக்கு அப்போது பதின்மூன்று. புருஷன் தவராசா ஊரில் காணி வழக்கை முடித்துக்கொண்டு பின்னால் வருகிறார் என்று ரதிதேவி மகளுக்கும் மற்ற எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். காலையில் குளித்துவிட்டு, தவராசாவின் பழைய பார்க்கர் பேனையின் மூடியை எடுத்து, அதன் வாயைக் குங்குமத்தில் தோய்த்து, நெற்றியில் ஒற்றுவாள். வட்டம் அச்சுக் குத்தியதுபோல் விழும். பிறகு மோதிரவிரலால் நடுவை நிரப்புவாள். கொழும்பிலும் அப்படித்தானாம், அவர் அலுவலகம் போக முதல் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்பாராம்.

வந்து மூன்றாம் மாதம் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தவராசாவோடு வேலைசெய்தவர் எழுதியிருந்தார். எண்பத்துமூன்று ஜூலையில் தவராசா வீடு திரும்பாமல்போன அன்று வெள்ளவத்தைச் சந்தியில் கலவரக்காரர்கள் அவரைக் கொன்றதைத் தன் கண்ணால் கண்டதாகவும், இவ்வளவு நாளும் எழுதத் தைரியம் வரவில்லை என்றும் இருந்தது. அதை வாசித்து முடித்த ரதிதேவி அழவில்லை. கடிதத்தை அடுப்பில் போட்டாள்.

"அக்கா, நான் இந்தப் பொட்டை அழிச்சனெண்டால் அந்த மனுசன் செத்தது உண்மையாப் போயிடும்," என்றாள். "என்ர பிள்ளை ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைப் பாக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் முடிக்கட்டும். அதுமட்டும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"அம்மாளாணை, ஒரு சனத்துக்கும் சொல்லமாட்டன்," என்றாள் செல்வநாயகி. சொல்லவுமில்லை, எங்களுடைய சனத்துக்கு. கல்யாண வரவேற்பொன்றில் ரதிதேவியைச் சுமங்கலியென்று கூப்பிட்டு ஆராத்தி எடுக்கச் சொன்னபோது, அவள் முகத்தில் ஈயாடாமல் நின்றதையும் பிறகு தட்டைக் கையில் வாங்கியதையும் பார்த்துக்கொண்டு, செல்வநாயகி வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நின்றாள்.

அப்படிப்பட்டவள் மவுண்ட் ஈடனில் என்ன செய்தாள்?

அன்றைக்கு நோரா மனம் சோர்ந்திருந்தார். எழுதியதையெல்லாம் கிழித்துக் குப்பைக்கூடைக்குள் போட்டிருந்தார். இவள் ஆறுதலுக்கு ஏதோ கதைக்கப்போனாள். தன் கச்சேரிக் கதையைச் சொன்னாள். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானமேறி வந்த கதையைச் சொன்னாள்; அதற்கும் ஜன்னல்தான். வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்திருக்கலாம். வந்தாளா? "எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள்..." என்று தொடங்கினாள். நோரா கோப்பையைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான். எட்டு மொழியில் பெயர்க்கப்பட்ட ஒரு மனுஷி தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றதும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடிதம், அடுப்பு, தபால்பெட்டி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். வெள்ளைக்காரிக்கு, அதுவும் இங்கிலீஷில் சொன்னால் சொன்னதாகுமா? சத்தியம் பண்ணியது தமிழில் அல்லவா! பஸ்ஸில் வரும்போது இப்படியெல்லாம் மனதுக்கு நியாயம் சொல்லிக்கொண்டு வந்தாள். நியாயம் சொல்லவேண்டி வந்ததிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நாலு வெள்ளிக்கிழமை கழித்து மேசையில் பதினேழு பக்கம் இருந்தது. ஒரு கோழி சேற்றில் நடந்ததுபோன்ற கையெழுத்து. இரண்டாம் பக்கத்திலேயே செல்வநாயகிக்கு விளங்கிவிட்டது. பெயர் லைலா. ஊர் ஆக்லாந்து. இலங்கையிலிருந்து வந்த பெண். ஒரு மகள். புருஷன் வருவான் என்று சொல்லிக்கொண்டு நெற்றியில் சிவப்புப் பொட்டு வைக்கிறாள்.

அப்போதே எழும்பி "இது வேண்டாம், மிஸிஸ் கில்ஃபாய்ல்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தாள் என்றுகூட நான் எழுதமாட்டேன், அது பொய். அவள் டைப் அடித்தாள். நல்ல வேகத்தில் அடித்தாள். ஏனென்றால் கதை நன்றாக இருந்தது. தான் வாயால் சொன்னது இப்படி ஆகிவிட்டதே என்று அடுத்த தாளைச் செருகினாள்.

பிறகு ஓரிடத்தில் கை நின்றது. கல்யாணத்தில் லைலா மெழுகுதிரிகள் ஏற்றிய தட்டைச் சுற்றுகிறாள் என்று இருந்தது. மெழுகுதிரியா! ஆராத்தித் தட்டிலா? செல்வநாயகியால் பொறுக்க முடியவில்லை. குங்குமத் தண்ணீரில் வாழைப்பழத் துண்டு மூன்று, துண்டுக்கு ஒரு திரி என்று மாற்றி அடித்தாள். இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, லைலா காலையில் விரலால் பொட்டு இடுகிறாள் என்று வந்தது. விரலால் இல்லையே! புருஷனின் பேனை மூடியால் அல்லவா! அதையும் திருத்தினாள். கச்சேரியில் ஊர்ப்பெயரைத் திருத்துகிறமாதிரி, கேட்காமல், பிசகாமல் திருத்தினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நோரா அந்தப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இதை மாற்றியது யார்?"

"நான்தான். பிழையாக இருந்தது. மன்னிக்கவேண்டும்."

"மன்னிப்பா? மெழுகுதிரி எந்தத் தேவாலயத்திலும் கிடைக்கும். இந்தப் பேனை மூடி எங்கே கிடைக்கும்? நாற்பது வருடம் எழுதினேன், மிஸிஸ் சோதி, இப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. உங்களுக்குக் கண் இருக்கிறது."

செல்வநாயகிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பிறகு நோரா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நேராகப் பார்த்தார்.

"ஆனால் கேளுங்கள். அந்தப் பெண் இங்கேதான் எங்கேயோ இருக்கிறாள், இல்லையா? விரல் என்றே விட்டுவிடலாம். எனக்கு மனவருத்தந்தான், ஆனால் விடுவேன்."

"தேவையில்லை. எங்கள் சனம் இப்படியான கதைகள் வாசிப்பதில்லை."

"என் ஊரிலும் யாரும் நாவல் வாசிப்பதில்லை என்றுதான் நானும் நினைத்தேன்," என்றார் நோரா.

எவ்வளவு பச்சையாகச் சொன்னார்! செல்வநாயகியோ "பேனை மூடிதான் சரி" என்றாள். அதற்குமேல் அந்த அம்மாவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அவருடைய பங்கு.

எண்பத்தேழு செப்டம்பரில் ஒரு வாரப் பத்திரிகையில் கதை வந்தது. நோரா ஒரு பிரதியில் கோணல் எழுத்தில் "என் கண்களுக்கு" என்று எழுதிக் கொடுத்தார். செல்வநாயகி அதைக் கூறைச்சேலைக்குக் கீழே ஒளித்துவைத்தாள். புருஷனுக்குக்கூடக் காட்டவில்லை. ஆனால் மனிதமனம் சும்மா இருக்குமா? கோயில் கோயிலென்று போகாவிட்டாலும் எல்லாப் பூசைக்கும் வந்து பாத்திரம் கழுவித்தரும் மார்கரெட்டிடம், மலேசியாத் தமிழ்ப்பெண், நர்ஸ் வேலை, நல்ல பிள்ளை, அவளிடம் ஒருநாள் வாய் தவறியதுபோல விட்டாள்: "நான் டைப் அடிக்கிற மனுசியின்ர கதை இந்த மாசம் பேப்பரிலை வந்திருக்காம்." வாய் ஒன்றும் தவறவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு.

சரஸ்வதி பூசை அன்று மத்தியானம் செல்வநாயகி வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். ரதிதேவி உஷாவோடு வந்திருந்தாள். கடலை அவிந்து தாளித்தாயிற்று. சோதிலிங்கம் அடுத்த அறையில் தினசரி வாசித்துக்கொண்டிருந்தார். மார்கரெட் கைப்பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தாள்.

"அக்கா, நீங்க சொன்னீங்கல்ல, அந்த ரைட்டர்! தேடி வாங்கிட்டேன் லா. இன்னும் படிக்கல. எல்லாரும் சேர்ந்து கேக்கலாம்னு கொண்டுவந்தேன். உஷாக் கண்ணு, நீ படி. உன் இங்கிலீஷ்தான் கேக்க அழகா இருக்கும்."

செல்வநாயகி கடலைச் சட்டியைத் தூக்கினாள். "பிறகு வாசிக்கலாம், கடலை ஆறுது," என்றாள்.

"கடலை ஆறட்டுமக்கா. நீங்கள் அடிச்ச கதையெண்டால் நானும் கேக்கவேணும்," என்றாள் ரதிதேவி. அவளுக்கு உண்மையான சந்தோசம்.

உஷா சரஸ்வதி படத்துக்கு முன்னால் சப்பாணி கட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். பதினைந்து வயது, இங்கே பிறந்த பிள்ளைபோல நாக்குப் புரண்டது. பாதிப் பெண்களுக்குக் கால்வாசிதான் விளங்கியது. ஆராத்தியும் வாழைப்பழத் திரியும் வந்த இடத்தில் "அட, எங்கட விசயம் எழுதியிருக்கிறா!" என்று ஒருத்தி கைதட்டினாள். ரதிதேவி தட்டவில்லை. அவள் செல்வநாயகியைப் பார்த்தாள். செல்வநாயகி கம்பளத்தைப் பார்த்தாள். ஒரு அடி எடுத்துவைத்துப் பத்திரிகையைப் பறித்திருக்கலாம். பறித்தால் ஏன் பறித்தாய் என்று கேட்பார்களே என்ற பயம். அந்த நேரத்திலும் தன் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

பேனை மூடி வந்தது. உஷா அந்த வரியை இரண்டாம்தரம் மனதுக்குள் வாசித்தாள். உதடு அசைந்தது தெரிந்தது. பிறகு சத்தமில்லாமல் பக்கத்தைப் புரட்டினாள். லண்டன் கடிதம் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. கண் மட்டும் ஓடியது. கடைசியில் தலையைத் தூக்கித் தாயின் நெற்றியைப் பார்த்தாள்.

"மம், இஸ் திஸ் டாட்?"

ரதிதேவி பொய் சொல்லியிருக்கலாம். நாலு வருடம் சொன்னவள்தானே.

"ஓம்," என்றாள்.

அந்தப் பிள்ளை கத்தவில்லை. பத்திரிகையைச் சரஸ்வதிக்கு முன்னால் அடுக்கியிருந்த புத்தகங்களுக்கு மேல் வைத்துவிட்டு எழும்பிச் செருப்பைப் போட்டாள். தாய் பின்னால் போனாள். மார்கரெட் விஷயம் விளங்காமல் "என்ன ஆச்சு? நான் ஏதும் தப்பா பண்ணிட்டனா?" என்று ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கொண்டு நின்றாள். விளங்கியவர்கள் மெல்லமெல்ல விளங்காதவர்களுக்குச் சொன்னார்கள். "அப்ப அண்டைக்குக் கலியாணத்திலை என்ர பெறாமகளுக்கு ஆராத்தி எடுத்தது..." என்று ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். செல்வநாயகி வீட்டுக்காரியாக எல்லோருக்கும் கடலை போட்டுக் கொடுத்தாள். தன்னுடைய கையே தனக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு கிழமை அவள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாவது வெள்ளி நோராவிடம் போய், மேசைக்கு முன்னால் இருக்காமல் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள்.

"நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடப்போகிறேன்," என்றாள். "மன்னிப்புக் கேட்டு. நீங்கள் ஒருதரம் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?"

நோரா மேசையிலிருந்த தாள்களை ஒதுக்கி வைத்தார். அவருடைய முகமும் சிவந்துபோயிருந்தது.

"நானும் அப்பாவுக்கு எழுதினேன்," என்றார். "நல்ல கடிதம். பரிசு வாங்கியவள் எழுதின கடிதம் அல்லவா! திரும்பி வந்தது. ஊரில் எல்லாருடைய கடிதத்தையும் பிரித்தவர், என்னுடையதை மட்டும் பிரிக்கவில்லை. எழுதாதீர்கள், மிஸிஸ் சோதி. காலால் நடந்து போங்கள்."

போனாள். த்ரீ கிங்ஸில் பஸ்ஸால் இறங்கி, தாயும் மகளும் இப்போது குடியிருந்த சின்ன ஃபிளாட்டின் பின்பக்கம் போனபோது ரதிதேவி சுழலும் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உஷாவின் பள்ளிக்கூடச் சட்டைகள். நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு இருந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளிறியிருந்தது.

"ரதி," என்றாள் செல்வநாயகி. பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

ரதிதேவி இன்னொரு சட்டையை உதறிக் கொழுவினாள். "உஷா என்னோட கதைக்கிறேல்லை," என்றாள். "தபால்பெட்டியையும் பாக்கிறேல்லை."

"என்ர பிழைதான். நான்தான் சொன்னனான். என்னை ஏசும், அடியும்..."

"நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். வேற ஆருக்குத் தெரியும்? வாய் தவறிப்போச்செண்டு வைச்சுக்கொள்ளுவம். மனுசருக்கு வாய் தவறும்." குரலில் கோபம்கூட இல்லை. "நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். அதை டைப் அடிக்கேக்க உங்கட கை ஒருக்காலும் நிக்கேல்லையே, அக்கா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அது ஒரு மாதிரி முடிந்திருக்கும். இயந்திரம்போல அடித்தேன், யோசிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். செல்வநாயகிக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை.

"நிண்டது," என்றாள். "விரலால பொட்டு வைக்கிறாள் எண்டுதான் அவ எழுதியிருந்தவ. பிழையெண்டு நிப்பாட்டி, பேனை மூடியெண்டு நான்தான் திருத்தினனான். விரலெண்டு விடட்டோ எண்டும் அவ கேட்டவ. நான்தான் வேண்டாமெண்டனான்."

ரதிதேவியின் கையில் இருந்த சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"விரலெண்டு இருந்திருந்தா," என்றாள் மெதுவாக, "அது ஆரோ ஒரு பொம்பிளை எண்டு நினைச்சு என்ர பிள்ளை வாசிச்சு முடிச்சிருப்பாள்."

கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, வாங்கோ என்று கூப்பிடவும் இல்லை. செல்வநாயகி அந்த ஈரச் சட்டைகளுக்கு நடுவில், திரும்பிப் போகவும் முடியாமல் உள்ளே நுழையவும் முகமில்லாமல் நின்றாள்.